நடுவில் நின்ற ஆள்

எண்பதுகளில் அச்சடித்த விசிட்டிங் கார்டோ கல்யாணப் பத்திரிகையோ வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முகவரிக்குக் கீழே தொலைபேசி எண் இருக்கும். அதை ஒட்டி ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து இருக்கும். அந்த எண் நம்முடையதல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. கூப்பிட்டால் ஆள் அனுப்பிச் சொல்வார் என்று அர்த்தம். தெருவுக்கு ஒரு போன், மிஞ்சிப்போனால் இரண்டு. இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பொறுக்க முடியாதவர்கள் ‘ஓ.ஒய்.டி.’ என்ற திட்டத்தில் கூடுதலாக முன்பணம் கட்டி முந்திக்கொள்ளலாம். அந்தத் திட்டத்துக்கும் தனியாக ஒரு வரிசை இருந்தது.

பி.பி. போனுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. விடிகாலையிலும் சாப்பாட்டு நேரத்திலும் யாரையும் கூப்பிடச் சொல்லக் கூடாது. போன் வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து வாசலில் நின்று, “அத்தை, ஒங்களுக்கு மெட்ராஸ்லேர்ந்து போன்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அத்தை ஓடுவார். கூடத்தில் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில், பூப்பின்னல் போட்ட துணியின் மேல் போன். ரிசீவர் தனியாகப் படுத்திருக்கும். வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதில் எதுவும் விழாத பாவனையில் உட்கார்ந்திருப்பார்கள். பேசி முடித்ததும், “ஊர்ல எல்லாரும் சௌக்கியந்தானே?” என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் நகர முடியாது. தீபாவளிப் பலகாரத் தட்டு முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

இணையத்துக்கு முந்தைய வாழ்க்கை என்றால் உடனே கேசட், டைப்ரைட்டர், இன்லேண்ட் லெட்டர், சுழற்றும் போன் என்று சாமான்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு நினைவில் நிற்பது சாமான்களைவிட ஆட்கள்தான். ஒரு சேதி போகவும் வரவும், ஒரு பாட்டைக் கேட்கவும், பரீட்சையில் தேறினோமா என்று தெரிந்துகொள்ளவும், நமக்கும் அந்தக் காரியத்துக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நின்றார். அவர் முகம் நமக்குத் தெரியும். நம் சங்கதி அவருக்குத் தெரியும்.

வெளியூருக்குப் பேச 180-ஐச் சுழற்றி டிரங்க் கால் பதிய வேண்டும். நம்பர் விசாரிக்க 197, போன் கெட்டுப்போனால் 198. டிரங்க் காலில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. வேகம் ஏறக் கட்டணமும் ஏறும். காலையில் பதிந்த ஆர்டினரி கால் சாயங்காலத்துக்குள் கிடைத்தால் யோகம். அதுவரை வீட்டில் யாராவது ஒருவர் போன் பக்கத்திலேயே காவல். பொறுமை போனபின், “கொஞ்சம் அர்ஜென்ட்டா மாத்திக்கொடுங்க மேடம்” என்று ஆபரேட்டரிடம் கெஞ்சுவார்கள். கிடைத்துவிட்டால் தூரத்துக்கேற்ற கத்தல். திருச்சிக்கு ஒரு சுருதி, டெல்லிக்கு ஒரு சுருதி. மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பார். அவர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாரா என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. நேரில் கேட்கத் துணிந்தவர் யாருமில்லை. சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்தவர்கள் எண்ணையே கேட்கமாட்டார்கள். டாக்டர் வீடு என்று சொன்னால் போதும், டாக்டர் இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று அங்கேயே இணைத்துவிடுவார்கள்.

தந்தி இன்னொரு ரகம். கல்யாண வாழ்த்து, தீபாவளி வாழ்த்து எல்லாவற்றுக்கும் அச்சடித்த வாசகங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கம் முழு வாசகமாகப் போய்ச் சேரும். ஆனால் சாதாரண வீட்டுக்கு வரும் தந்தி என்றால் சாவுச் சேதிதான் என்று மனதில் பதிந்திருந்ததால், பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி கிளம்பிவிடும். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல வாத்தியாரைத் தேடி ஓடுவார்கள். அவர் படித்து, “அழாதீங்க, பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு” என்று சொன்ன கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கும். 2013 ஜூலை 14 இரவோடு இந்தியாவில் தந்தி சேவை முடிந்தது. கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வரிசையில் நின்ற இளைஞர்கள் பலருக்கு அதுவே முதல் தந்தியும்கூட. இழந்தபின் வரும் பாசம் நம்மவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கல்தான்.

ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்குச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி 1960லேயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்துவிட்டது. ஆனால் சின்ன ஊர்களுக்கு அது வந்துசேரக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1984இல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏ.சி. அறை கேட்காமல் நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிற சிறிய எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. அதன்பின் கிராமங்களுக்குப் போன் போவது சுலபமானது. பின்னாலேயே முளைத்தது பொதுத் தொலைபேசி பூத்தின் மஞ்சள் பலகை: எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.

அந்தக் கண்ணாடிக் கூண்டை இன்றைய பிள்ளைகளுக்கு விவரிப்பது சிரமம். ஒருவர் நிற்க மட்டும் இடம். உள்ளே சின்ன மின்விசிறி இருக்கும், பெரும்பாலும் ஓடாது. கதவைச் சாத்தினால் வேர்க்கும், திறந்தால் வெளியே நிற்பவர் கேட்பார். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேசுகிறவர் கண் அதிலேயே இருக்கும். கையில் இருக்கும் காசுக்கும் மீட்டருக்கும் நடுவே பேச்சு சுருங்கிக்கொண்டே வரும். “வேறென்ன... சரி... வேறென்ன... வச்சிடவா?” இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். பதினொரு மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால், ஊர் அடங்கியபின் பூத் வாசலில்தான் கூட்டம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள், விடுதி மாணவர்கள், துபாய்க்குப் பேச வந்த தாய்மார்கள் என்று எல்லோரும் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருப்பார்கள். பேசிவிட்டு வெளியே வந்ததும் சின்ன பிரின்ட்டர் கிறீச்சிட்டு ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். எத்தனை நிமிஷம், எத்தனை ரூபாய் என்று அதில் இருக்கும்.

பூத்காரருக்குத் தெரியாத எண் கிடையாது. “மாமா, பம்பாய் நம்பர்” என்றால் அவரே போட்டுக்கொடுப்பார். சில்லறை இல்லையென்றால் கணக்கில் எழுதிக்கொள்வார். கூண்டுக்குள் ஒருவன் அரைமணி நேரம் சிரித்துப் பேசினால் யாரோடு என்று அவருக்குத் தெரியும். அவள் அப்பா வந்து நின்றால் தெரியாது என்பார். ஆஸ்பத்திரிப் பக்கத்து பூத்துகளில் அழுதுகொண்டே வெளியே வருகிறவர்களிடம் பாக்கி கேட்கத் தயங்கிய முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பூத் ஒதுக்கும்போது உடல் ஊனமுற்றோருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் அரசு முன்னுரிமை கொடுத்தது. மூன்று சக்கர வண்டியைக் கடையோரம் நிறுத்திவிட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அந்த மஞ்சள் பலகை சோறு போட்டது, கல்யாணமும் செய்துவைத்தது.

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக் ராமை அழைத்ததுதான் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தந்தது. தொடக்க ஊர்களில் மெட்ராஸும் ஒன்று. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு என்பதால் கைப்பேசி பணக்காரர் சமாச்சாரமாகவே இருந்தது. 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமாகி, கைப்பேசி எல்லோர் கைக்கும் வந்த சில ஆண்டுகளில் பூத்துகள் சரிய ஆரம்பித்தன. முதலில் கூண்டுக்குள் ஜெராக்ஸ் மிஷின் வந்தது. அப்புறம் ரீசார்ஜ் கூப்பன், லேமினேஷன். கடைசியில் கூண்டின் கண்ணாடியைக் கழற்றி டீக்கடைக்குத் தடுப்பாக வைத்தார்கள். வேலையிழந்தவர்களை அரசு ஒருமுறை எண்ணிப்பார்த்ததாகக்கூட நான் படித்ததில்லை.

போன் வசதி வந்தும் பேசக் கட்டுப்படியாகாதவர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் கரையோரம், தஞ்சாவூர்ப் பக்கம், பிழைக்கக் கடல் கடந்துபோன சபுராளிகளின் வீடுகள் நிறைந்த ஊர்களில் கடிதத்துக்குப் பதில் கேசட் போகும். வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் ரேடியோ கேசட் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து, ‘ரெக்கார்டு’, ‘ப்ளே’ இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் வீடு முழுக்க அமைதியாகிவிடும். யார் முதலில் பேசுவது என்று கண்ணால் சண்டை. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிற மாதிரியே தொடங்குவார்: நலம், நலமறிய ஆவல். அம்மா சாப்பாட்டைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சைப் பற்றியும் சொல்லி அழ ஆரம்பிக்க, யாராவது பாஸ் பட்டனை அமுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டைப் பாடச் சொன்னால் குழந்தை மைக் ஓட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டு மூச்சு மட்டும் விடும். பின்னால் சேவல், சைக்கிள் மணி, பள்ளிவாசல் பாங்கு, விசிறிச் சத்தம் எல்லாம் பதிவாகும். ‘பி’ பக்கம் மனைவிக்கு. எல்லோரும் தூங்கியபின் பெட்டியை அறைக்குள் எடுத்துப்போய், ரகசியக் குரலில் பேசுவார்.

அந்த கேசட் தபாலில் போகாது. லீவு முடிந்து கிளம்பும் யாராவது ஒருவர் சட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப்போவார். கேட்பவர் தங்கும் அறையில் பத்துப் பேர் இருப்பார்கள். ‘ஏ’ பக்கத்தைப் பத்துப் பேரும் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படி அனுப்பினால் அம்மாவின் குரல் அழிந்துவிடும். அழிக்க மனமில்லாதவர்கள் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் யாரும் தவறிப் பதிந்துவிட முடியாது. அப்படிப் பல் உடைத்த கேசட்டுகள் சில வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. ஓட்டிக் கேட்கப் பெட்டிதான் இல்லை.

இன்று அதே குரல் வாட்ஸ்அப்பில் போகிறது. அம்மா அடுப்படியில் நின்றபடி பொத்தானை அழுத்திப் பேசி முடிக்கும்போது மகன் ஷார்ஜாவில் இரண்டு நீலக் கோடுகளோடு பதில் போடுகிறான். இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. அம்மாவின் குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கும் வசதி.

பாட்டு விஷயத்திலும் ரெக்கார்டிங் சென்டர்காரர் என்று ஒருவர் இருந்தார். முழு வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபதோ தொண்ணூறோ நிமிஷ கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். நான்கு நாள் கழித்துப் போனால், கடைசியில் இடம் மிஞ்சியது என்று அவராகவே ஒரு இளையராஜா பாட்டைப் போட்டிருப்பார். பெரும்பாலும் அதுதான் நம் பட்டியலிலேயே நல்ல பாட்டாக இருக்கும். இப்போது செயலி அடுத்த பாட்டைத் தானே போடுகிறது. மோசமில்லை. ஆனால் ‘இந்தப் படத்துக்கா இப்படிப் பாட்டு’ என்று அதனோடு சண்டை போட முடியாது.

பரீட்சை முடிவு மாலைப் பத்திரிகையில் எண்களாக வரும். தேறியவர் எண்கள் மட்டுமே அச்சாகும் என்பதால், தவறியவனுக்குத் தெரிவது தன் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் வேறு எண். பேப்பரை வைத்திருப்பவரிடம் நம் நம்பரைச் சொல்ல வேண்டும். அவர் விரலை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்துகிற அந்த ஓரிரு விநாடி! இரண்டாயிரத்துக்குப் பின் பிரவுசிங் சென்டர்காரர் அந்த இடத்தைப் பிடித்தார். மதிப்பெண்ணை அச்செடுத்துக் கொடுத்துக் காசும் வாங்கினார். இப்போது குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பையன் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முடிவைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரலாம். தவறியவனுக்கு அந்தத் தனிமை பெரிய தயவு. ஊர் நடுவே எண் தேடிய காலத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திரும்பக் கேட்கமாட்டேன்.

தபாலை நம்பியே ஒரு காதல் நடக்கும் என்று 1996இல் அகத்தியன் ‘காதல் கோட்டை’ எடுத்தார். முகம் பார்க்காத இருவர், கடிதம், எப்போதாவது போன். படத்துக்கு அவர் தேசிய விருதும் வாங்கினார். மூன்றே வருஷத்தில், 1999இல், கதிரின் ‘காதலர் தினம்’ வந்தபோது காதலர்கள் கணினித் திரையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ‘காதல் கோட்டை’யை இன்று எடுத்தால் முதல் ரீலிலேயே அவள் அவனுடைய புரொஃபைல் படத்தைப் பார்த்துவிடுவாள், படம் முடிந்துவிடும்.

பழையதைப் பேசும்போது நடுவில் நின்றவரைத் தெய்வமாக்கிவிடுகிறோம். அவரால் அவதிப்பட்டவர்களைக் கேட்க வேண்டும், முக்கியமாகப் பெண்களை. பி.பி. போனில் ஒரு பெண் மாமியார் வீட்டுக் கொடுமையைத் தன் அம்மாவிடம் சொல்லிவிட முடியாது. சுற்றிலும் அந்தத் தெருவின் காது. “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ரிசீவரை வைக்க வேண்டும். விடுதிக்கு வரும் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்த பிறகே மாணவி கைக்கு வரும். மணியார்டர் கொண்டுவருகிறவருக்கு ஐந்தோ பத்தோ கொடுக்காமல் பணம் கைக்கு வராத வீடுகள் இருந்தன. ரயில் டிக்கெட்டுக்கு விடியற்காலையில் துண்டு போட்டு இடம் பிடித்தால், எட்டு மணிக்குத் திறந்த கவுன்ட்டரில் நமக்கு முன்னால் யாரோ ஒரு ஏஜென்ட்டின் கட்டுக் கட்டான படிவங்கள் இருக்கும். இந்தச் சங்கடத்தையெல்லாம் இணையம் துடைத்துப்போட்டது. தனியாக ஒரு போன், அதற்கு ஒரு பூட்டு என்பது பல பெண்களுக்குத் தனி அறையைவிடப் பெரிய சொத்து.

ஆனால் நடுவில் நிற்கும் ஆள் ஒழிந்துவிட்டார் என்று நினைப்பது படித்தவர்களின் கற்பனை. எந்த ஊர் தாலுகா அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுத்தவர் இருந்த இடத்துக்கு எதிரிலேயே இ-சேவை மையம். சாதிச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை எல்லாம் ‘ஆன்லைனில் தானே விண்ணப்பிக்கலாம்’. விண்ணப்பிப்பவர் யார்? கவுன்ட்டரில் இருக்கும் பெண்தான். போன் நம்பர் கேட்கிறார், அதற்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்கிறார், பாஸ்வேர்டையும் அவரே போடுகிறார். பாட்டி அத்தனையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் முதன்முறையாக வங்கிக் கணக்குக்கு வந்தபோது, குறுஞ்செய்தியைக் காட்டி “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டுத் தெருவில் நடந்த பெண்களைப் பார்த்தேன். தந்தியை வைத்துக்கொண்டு வாத்தியாரைத் தேடியதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் உண்டு என்றால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது. பூத்காரர் ஏமாற்றினால் அவர் கடை எங்கே என்று தெரியும். இன்று வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கிற குரலுக்கு ஊரும் இல்லை, முகமும் இல்லை. ஆறேழு முறை ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு, கடைசிவரை மனிதக் குரலையே காட்டாத வாடிக்கையாளர் சேவைகளுக்குப் பழகிப்போனவர்கள், ஒரு ஆள் தமிழில் பணிவாகப் பேசினாலே நம்பிவிடுகிறார்கள். மோசடிக்காரர்களுக்குக் கிடைத்த முதல் மூலதனம் இதுதான் என்பது என் எண்ணம்.

முகம் தெரிந்த ஆளை நடுவில் நிறுத்தும் விஷயத்தில் தபால்துறை செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2018இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் கையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். ஆதாரோடு இணைத்த கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், விரல் ரேகையை வைத்து வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துக் கொடுக்கலாம். மணியார்டர் கொண்டுவந்த அதே தெருவுக்கு அதே காக்கிச் சட்டைக்காரர் மறுபடி பணத்தோடு வருகிறார். வங்கிக்கு நடக்க முடியாதவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான் குறை. உங்கள் ஊர் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அவர்கள் போனை நீட்டினால் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள், ஓ.டி.பி. வந்தால் பெற்ற பிள்ளைக்கும் சொல்லக் கூடாது என்று பழக்குங்கள். பழைய போன் பக்கத்தில் 197, 198 எழுதி வைத்திருந்த மாதிரி, காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் ஓர் எண்ணை எழுதி வையுங்கள்: 1930. இணைய மோசடியில் பணம் பறிபோனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய அரசு உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.